தேதி மாறினாலும் பொதி மாறக்கூடாது: பில்ட் தேதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் விநியோகங்களுக்குப் பொதி கட்டுகிறவர்களும், சொந்தமாக நிரல் எழுதி வெளியிடுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பொதி என்று நான் சொல்வது பேக்கேஜை. மூலநிரலிலிருந்து அதை உருவாக்கும் வேலைதான் பில்ட். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஓர் எண்தான் ஹாஷ். நான் தினமும் புழங்குவது டெபியன் விநியோகத்தில் என்பதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும்.

மூலநிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. நேற்று எடுத்த பொதிக்கும் இன்று எடுத்த பொதிக்கும் ஹாஷ் ஏன் வேறாக இருக்கிறது?

உங்கள் கணினியின் கடிகாரமும் அந்தப் பில்டுக்குள் போயிருக்கிறது, அதனால்தான். மூலநிரல், கம்பைலர், நூலகங்கள் இவை மட்டுமே உள்ளே போகின்றன என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் பில்ட் ஓடும்போது பல கருவிகள் 'இப்போது மணி என்ன?' என்று இயக்குதளத்திடம் கேட்டு, வந்த பதிலைக் கோப்புக்குள் எழுதி வைத்துவிடுகின்றன.

இதைக் கண்ணால் பார்க்கலாம். சி மொழியில் டேட், டைம் என்று இரண்டு மேக்ரோக்கள் உண்டு. கம்பைல் ஆகும் நாளையும் நேரத்தையும் சரமாகத் தருபவை. டேட் மேக்ரோவை அச்சிடும் நாலு வரி நிரல் ஒன்றை எழுதிக் கம்பைல் செய்து, உருவான கோப்பை, உள்ளே இருக்கும் எழுத்துச் சரங்களைக் காட்டும் ஸ்டிரிங்ஸ் கட்டளையில் போட்டுப் பாருங்கள். மாதம், நாள், ஆண்டு என்று சரியாக 11 எழுத்தில் ஒரு தேதி கிடைக்கும். மறுநாள் அதையே மறுபடி கம்பைல் செய்தால் அந்தத் தேதியில் பெரும்பாலும் ஓர் இலக்கம் மட்டுமே மாறியிருக்கும், மற்ற ஆயிரக்கணக்கான பைட்டுகள் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் ஷா256 ஹாஷைக் கணக்கிட்டால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரு பிட் மாறினாலும் முழுதும் மாறுவதுதான் ஹாஷின் வேலை. ஆகவே மாறியது தேதியா, யாரோ நுழைத்த கள்ள நிரலா என்று ஹாஷை வைத்துச் சொல்ல முடியாது.

நிரல் ஒழுங்காக ஓடுகிறதே, அது போதாதா?

உங்களுக்குப் போதும். நீங்கள் கொடுத்த பொதியை நம்பி நிறுவுகிறவருக்குப் போதாது. மூலநிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது கட்டற்ற மென்பொருளின் பெருமை. ஆனால் மக்கள் நிறுவுவது மூலநிரலை அல்ல, வேறு யாரோ ஒருவருடைய கணினியில் உருவான இருமக் கோப்பை. இந்த மூலத்திலிருந்துதான் இந்தக் கோப்பு வந்தது என்பதற்கு என்ன சாட்சி? அந்தக் கணினிக்குச் சொந்தக்காரரின் சொல் மட்டும்தான்.

இந்தக் கேள்வி பழையது. கென் தாம்சன் 1984இல் வெளியான தம் டூரிங் விருது உரையில், கம்பைலருக்குள்ளேயே கள்ளக்கதவு வைத்தால் மூலநிரலைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது என்று காட்டினார். பிறகு அது ஏட்டுச் சுரைக்காயாக இருக்கவில்லை. 2015இல் எக்ஸ்கோடு கோஸ்ட் வந்தது: ஆப்பிளின் எக்ஸ்கோடு கருவியின் மாற்றப்பட்ட நகலை இறக்கிப் பயன்படுத்திய நிரலாளர்களின் செயலிகளில் அவர்களுக்கே தெரியாமல் தீங்கு நிரல் கலந்தது. 2020இல் அம்பலமான சோலார்விண்ட்ஸ் நிறுவன ஊடுருவலில், பில்ட் நடக்கும் நேரத்தில் மட்டும் ஒரு மூலக்கோப்பை மாற்றிவைத்து, முடிந்ததும் பழையதைத் திரும்ப வைத்தார்கள். களஞ்சியத்தைப் பார்த்தால் எல்லாம் சுத்தமாக இருந்தது. வந்த பொதியில் நிறுவனத்தின் உண்மையான கையொப்பமும் இருந்தது.

இதற்கு எனக்குத் தெரிந்த நேரடியான மருந்து ஒன்றுதான். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு மூன்று பேர், அதே மூலத்திலிருந்து தனித்தனியே பில்ட் செய்து, பைட்டுக்குப் பைட் அச்சு அசலாக ஒன்றே வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கணினியில் கள்ள வேலை நடந்திருந்தால் அது மட்டும் தனித்துத் தெரியும். ஆனால் மூவரும் ஒரே நொடியில் பில்ட் செய்யப் போவதில்லை. தேதி உள்ளே புகுந்தால் மூன்றும் எப்போதுமே வேறுவேறாக இருக்கும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கே வழி இல்லாமல் போகும். சின்னத் தேதிக்காக ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

எக்ஸ்இசட் விவகாரத்தை இது தடுத்திருக்குமா?

அது நேரடியாகத் தடுத்திருக்காது. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் வெளிப்படுத்திய கள்ளக்கதவு, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் மூலநிரலைக் கட்டி வெளியிட்ட டார் கோப்புக்குள்ளேயே இருந்தது. அதாவது மூலமே கெட்டிருந்தது. கெட்ட மூலத்தை எத்தனை பேர் பில்ட் செய்தாலும் ஒரே கெட்ட பொதிதான் வரும். ஆனால் ஒன்று கவனியுங்கள். கள்ளக்கதவைத் திறந்துவிடும் எம்4 என்ற பில்ட் ஸ்கிரிப்ட் கோப்பு, மூலநிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை, 5.6.0, 5.6.1 வெளியீடுகளின் டார் கோப்பில் மட்டுமே இருந்தது. களஞ்சியத்திலிருந்து டார் கோப்பை உருவாக்குவதும் ஒருவகை பில்ட்தான். அதையும் யாரும் திரும்பச் செய்து ஒப்பிட முடியும் என்ற வழக்கம் இருந்திருந்தால் அந்த வேறுபாடு சீக்கிரமே கண்ணில் பட்டிருக்கும்.

இந்த முயற்சியை யார் தொடங்கினார்கள்?

பிட்காயின் திட்டத்தினர் 2011 வாக்கிலேயே கிட்டியன் என்ற கருவியை வைத்து, பலர் தனித்தனியே பில்ட் செய்து ஒப்பிடும் முறையைக் கையாண்டார்கள். பெரும் பணத்தைக் கையாளும் நிரல் என்பதால் அவர்களுக்கு அந்தப் பயம் முதலிலேயே வந்தது. அடையாளம் மறைத்து இணையத்தில் உலாவ உதவும் டோர் உலாவிக்காக மைக் பெரி 2013இல் அதே வழியை எடுத்தார். அதே ஆண்டு டெபியன் மாநாட்டில் லூனார் என்ற பெயரில் அறியப்பட்ட பங்களிப்பாளர், ஒன்றிரண்டு நிரல்களுக்கு மட்டும் ஏன், முழு விநியோகத்துக்கும் செய்யலாமே என்று பேச்சை எடுத்தார். பல்லாயிரம் பொதிகள் இருக்கும் இடத்தில் அப்படிச் சொல்லப் பெரிய மனத்துணிவு வேண்டும். 2017இல் டெபியன் கொள்கை ஆவணம், பொதிகள் மறுபடி அச்சு அசலாக வரக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டது. லூனார் 2024 நவம்பரில் காலமானார். அவர் தொடங்கிய வேலை இன்று ஆர்ச், ஓப்பன்சூசே, ஃபெடோரா, நிக்ஸ், கீக்ஸ், நெட்பிஎஸ்டி என்று பல இடங்களில் நடக்கிறது.

தேதி எங்கெல்லாம் ஒளிந்திருக்கும்?

டெபியனின் டெப் பொதி ஒன்றை வெங்காயம்போல உரித்துப் பார்க்கலாம். வெளித்தோல் ஓர் ஏஆர் காப்பகம். அதில் உள்ள ஒவ்வோர் உறுப்புக்கும் நேரம் எழுத ஓர் இடம் உண்டு. உரித்தால் இரண்டு டார் கோப்புகள். அவற்றில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் கடைசியாக மாற்றிய நேரம் பதிந்திருக்கும். பில்டின்போது உருவான கோப்பு என்றால் அது பில்ட் நேரம்தான். இன்னும் உள்ளே போனால், ஆவணங்களைச் சுருக்கிய ஜிஜிப் கோப்புகளின் தலைப்பில் நேரத்துக்கென்றே நாலு பைட் இருக்கிறது. கட்டளைக்கான கையேடாகிய மேன் பக்கத்தின் அடியில் ஒரு தேதி. ஆவணம் தயாரிக்கும் டாக்சிஜன் கருவி உருவாக்கிய ஹெச்டிஎம்எல் பக்கங்களின் கீழே 'இன்ன நாளில் உருவாக்கப்பட்டது' என்ற வரி. பிடிஎஃப் கோப்பில் உருவாக்கிய தேதி, மாற்றிய தேதி, போதாததற்கு நேரத்திலிருந்து பிறந்த ஓர் அடையாள எண். ஜாவாவின் ஜார் கோப்பு உண்மையில் ஜிப் கோப்புதான் என்பதால் அதிலும் ஒவ்வோர் உறுப்புக்கும் நேரம்.

பைத்தான் கம்பைல் செய்து வைக்கும் பிஒய்சி கோப்பு தனிக் கதை. அதன் தலைப்பில் மூலக்கோப்பின் மாற்ற நேரம் எழுதப்படும். பொதி கட்டும்போது மூலக்கோப்பின் நேரத்தை மட்டும் மாற்றிவிட்டால் இரண்டும் பொருந்தாது. பைத்தான் ஒவ்வொரு முறையும் மறுபடி கம்பைல் செய்யப் பார்க்கும். அதனால்தான் 3.7இல் நேரத்துக்குப் பதிலாக மூலத்தின் ஹாஷை எழுதும் வகையைக் கொண்டுவந்தார்கள். நல்ல தீர்வு. மூலம் மாறியதா என்பதுதானே கேள்வி, அதற்கு ஹாஷ் சொல்லும் பதில் கடிகாரம் சொல்வதைவிட நிச்சயமானது.

லினக்ஸ் கெர்னலும் விலக்கல்ல. யூநேம் கட்டளை காட்டும் பதிப்பு வரியில் பில்ட் தேதி இருக்கும், பில்ட் செய்தவரின் பயனர் பெயரும் கணினிப் பெயரும்கூட உள்ளே போகும். மூன்றையும் நாமே தீர்மானிக்க கேபில்ட் என்று தொடங்கும் மாறிகள் இருக்கின்றன.

விண்டோஸ் இயங்குகோப்பின் தலைப்பிலும் நாலு பைட்டில் ஒரு நேரமுத்திரை உண்டு. விண்டோஸ் 10இன் கோப்புகளில் அதைத் தேதியாகப் படித்தால் எதிர்காலத்திலோ எழுபதுகளிலோ ஏதோ ஒரு நாளைக் காட்டும். பிழை ஒன்றும் இல்லை. பில்ட் அச்சு அசலாகத் திரும்ப வர வேண்டும் என்பதற்காக அந்த இடத்தில் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹாஷை வைக்கிறார்கள்.

பில்ட் தேதியை எடுத்துவிட்டால் இது எந்தப் பதிப்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு நான் திருப்பி ஒன்று கேட்பேன்: பில்ட் தேதியை வைத்து இதுவரை என்ன தெரிந்துகொண்டீர்கள்?

அச்சகத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு நூலில் முதற்பதிப்பு 1998, திருத்திய இரண்டாம் பதிப்பு 2006 என்று போட்டிருந்தால் அதில் பொருள் இருக்கிறது. உள்ளே இருக்கும் எழுத்து எந்தக் காலத்தது என்று தெரிகிறது. 'இந்தப் பிரதி செவ்வாய்க்கிழமை மாலை நாலரைக்கு இயந்திரத்திலிருந்து வந்தது' என்று ஒவ்வொரு பிரதியிலும் அச்சடித்தால் வாசகருக்கு அதனால் என்ன பயன்? பில்ட் தேதி அந்த நாலரை மணி. ஐந்து ஆண்டாக யாரும் தொடாத நிரலை இன்று பில்ட் செய்தால் அது இன்றைய தேதியைக் காட்டும். பயனர் அதைப் பார்த்து, புத்தம் புதிது, ஓட்டைகளெல்லாம் அடைத்திருப்பார்கள் என்று நம்பிவிடுவார். ஆவணத்தின் அடியில் பதிப்புரிமை ஆண்டைத் தானாகவே நடப்பு ஆண்டாக மாற்றும் நிரல்களும் அப்படியே. 2019க்குப் பிறகு ஒரு வரி எழுதாதவர், 2031இல் யாரோ பில்ட் செய்வதால் 2031வரை எழுதியதாக ஆகிவிடுகிறார். அது உண்மை இல்லை.

பிழை அறிக்கை வரும்போது நமக்கு வேண்டியது பதிப்பு எண், முடிந்தால் கமிட் ஹாஷ், அதாவது கிட்டில் பதிவான அந்த மாற்றத்தின் அடையாளம். தேதியும் வேண்டுமானால் மூலம் கடைசியாக மாறிய தேதியைக் காட்டுங்கள். எங்கே, எப்போது, எந்தக் கம்பைலரை வைத்துப் பில்ட் செய்தோம் என்பதைப் பதிவு செய்ய விரும்பினால் பொதிக்கு வெளியே எழுதுங்கள். டெபியன் அதற்காகவே பில்ட்இன்ஃபோ என்ற தனிக்கோப்பை ஒவ்வொரு பில்டுக்கும் உருவாக்குகிறது.

சோர்ஸ் டேட் எபாக் என்கிறார்களே, அது என்ன?

ஓடும் நிரல்களுக்கு வெளியிலிருந்து ஒரு மதிப்பைக் கொடுக்கும் சூழல் மாறி ஒன்றின் பெயர். மூன்று சொற்களையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடிக்கோடு போட்டு இணைத்து எழுத வேண்டும். அதன் மதிப்பு ஒற்றை எண்: 1970 ஜனவரி 1, ஒருங்கிணைந்த உலக நேரப்படி நள்ளிரவிலிருந்து எத்தனை நொடி என்பது. தேதி எழுதியே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கும் எந்தக் கருவியும், இந்த மாறி இருந்தால் கடிகாரத்தைப் பார்க்காமல் இந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தம் அவ்வளவுதான்.

2015இல் டெபியன்காரர்கள் முன்வைத்தார்கள். அதற்கு முன்பு ஒவ்வொரு கருவிக்கும் 'தேதி எழுதாதே' என்று ஒரு தனித் தேர்வு சேர்க்கச் சொல்லி, பிறகு அதை ஒவ்வொரு பொதியிலும் போய்ப் பொருத்த வேண்டியிருந்தது. இப்போது ஓர் இடத்தில் மாறியை வைத்தால் கீழே ஓடும் கருவிகளுக்கெல்லாம் அது போய்ச் சேருகிறது. 2017இல் வந்த ஜிசிசி 7 முதல் டேட், டைம் மேக்ரோக்கள் இதை மதிக்கின்றன, கிளாங் 16ஆம் பதிப்பில் சேர்த்துக்கொண்டது. டாக்சிஜன், ஸ்ஃபிங்க்ஸ், ஹெல்ப்டூமேன் எல்லாம் அறியும். டெக் என்ற அச்சுக்கோப்பு நிரல்களின் குடும்பத்தில் மட்டும் ஃபோர்ஸ் சோர்ஸ் டேட் என்ற இன்னொரு மாறியையும் 1 என்று வைத்தால்தான் ஆவணத்துக்குள் அச்சாகும் தேதி கட்டுப்படும்.

அந்த எண்ணை எங்கிருந்து எடுப்பது?

மூலத்திலிருந்து. டெபியன் பொதியில், மாற்றங்களைப் பட்டியலிடும் சேஞ்ச்லாகின் மேல் பதிவில் இருக்கும் தேதி. பொதி கட்டும் டிபிகேஜி பில்ட்பேக்கேஜ் கருவி அதைத் தானே படித்து மாறியில் வைத்துவிடும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். ஃபெடோரா, ஓப்பன்சூசே போன்றவை பயன்படுத்தும் ஆர்பிஎம் பொதிகளின் உலகில் சேஞ்ச்லாகிலிருந்து எடுக்கச் சொல்லும் மேக்ரோ இருக்கிறது, கூடவே பொதியின் பில்ட் நேரப் புலத்துக்கும் இதே எண்ணைப் பயன்படுத்தச் சொல்லும் இன்னொரு மேக்ரோவும். கிட் களஞ்சியத்தில் நேரடியாக வேலை செய்கிறீர்கள் என்றால் கடைசிக் கமிட்டின் கமிட்டர் நேரத்தை எடுங்கள். கிட் லாக் அதை எபாக் எண்ணாகவே தரும்.

நிக்ஸ் வேறு பாதையில் போனது. கோப்பு நேரங்களையெல்லாம் 1970ஆம் ஆண்டின் முதல் நொடியாக்கிவிடுவார்கள். ஆனால் ஜிப் வடிவம் 1980க்கு முந்தைய தேதியை ஏற்காது. அதனால் அவர்களும் இந்த மாறியின் இயல்பு மதிப்பை 1980 ஜனவரி 1க்கு மாற்ற வேண்டியதாயிற்று. பூஜ்யத்தை வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். நான் மூலத்தின் தேதியையே விரும்புகிறேன், பொதிக்குள் பார்ப்பவருக்கு அது உண்மையான ஒரு செய்தியைச் சொல்கிறது.

மாறியை வைத்துவிட்டேன். இருந்தும் என் கணினியில் ஒரு தேதி, பில்ட் சர்வரில் வேறு தேதி வருகிறது. ஏன்?

நேர மண்டலம். நம்மூர்க்காரர்களை அதிகம் கடிக்கும் பிழை இது. 1700000000 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். உலக நேரப்படி அது 2023 நவம்பர் 14, இரவு 10 மணி 13 நிமிடம் 20 நொடி. சென்னையில் இருக்கும் கணினியில் அதே எண் நவம்பர் 15, அதிகாலை 3 மணி 43 நிமிடம் 20 நொடி. ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில் நாளே மாறிவிட்டது. நிரல் உள்ளூர் நேரத்தில் தேதியை எழுதினால் சென்னையில் உருவான பொதியும் ஜெர்மனியில் உருவான பொதியும் ஒன்றாக இருக்காது.

எனவே எண்ணைத் தேதியாக மாற்றும் இடத்தில் எப்போதும் உலக நேரத்தைக் கேளுங்கள். ஷெல்லில் டேட் கட்டளைக்கு மைனஸ் யு தேர்வு. சியில் லோக்கல்டைம் சார்புக்குப் பதில் ஜிஎம்டைம். பைத்தானில் நேர மண்டலத்தை வெளிப்படையாக யுடிசி என்று கொடுப்பது.

அடுத்தது மொழி அமைப்பு. மாதத்தின் பெயரை எழுதச் சொன்னால் டேட் கட்டளை கணினியின் மொழியில் எழுதும். தமிழ் லொக்கேல் வைத்திருப்பவரின் பில்டில் மாதம் தமிழிலேயே வரும். மகிழ்ச்சிதான், ஆனால் மற்றவரின் பில்டோடு பொருந்தாது. மாதப் பெயரைத் தவிர்த்து ஆண்டு, மாதம், நாள் என்று எண்ணாலேயே எழுதுவது எனக்குப் பிடித்த வழி. முடியாதென்றால் அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் லொக்கேலை சி என்று வையுங்கள்.

டார், ஜிப் கோப்புகளை என் வெளியீட்டு ஸ்கிரிப்டே உருவாக்குகிறது. என்ன மாற்ற வேண்டும்?

குனூ டாரில் எம்டைம் தேர்வுக்கு, முன்னால் அட் குறியிட்டு எபாக் எண்ணைக் கொடுங்கள். கூடவே கிளாம்ப் எம்டைம் தேர்வையும் சேர்த்தால், அந்த எண்ணைவிடப் புதிய நேரமுள்ள கோப்புகள் மட்டும் பின்னுக்கு இழுக்கப்படும், பழையவை தம் உண்மையான தேதியோடு இருக்கும். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. ஃபெடோரா 38 முதல் தன் பொதிகள் எல்லாவற்றுக்கும் இதையே செய்கிறது. ஆனால் கிட் களஞ்சியத்தை நகலெடுத்தால் கோப்புகள் எல்லாவற்றுக்கும் நகலெடுத்த நேரமே விழும் என்பதால், அங்கே எல்லாமே பின்னுக்குப் போய்விடும். அதில் கெடுதல் இல்லை. கோப்புகளைப் பெயர் வரிசையில் அடுக்கச் சொல்லும் தேர்வையும், உரிமையாளரையும் குழுவையும் பூஜ்யமாக்கும் தேர்வுகளையும் மறக்க வேண்டாம். அவை தேதி இல்லை என்றாலும் அதே வேலையின் பகுதி.

ஜிஜிப்புக்கு மைனஸ் என் கொடுத்தால் பெயரையும் நேரத்தையும் எழுதாது.

ஜிப்தான் தொல்லை. அதன் பழைய டாஸ் நேரம் இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் நகரும், நேர மண்டலம் எதுவென்றே பதியாது. ஆகவே கோப்புகளின் நேரத்தை முதலில் டச் கட்டளையால் சமப்படுத்திவிட்டு, டிஇசட் மாறியை யுடிசி என்று வைத்து ஜிப் செய்யுங்கள், கூடுதல் புலங்களைத் தவிர்க்கும் எக்ஸ் தேர்வோடு. ஜாவா பில்ட் கருவிகளில், மேவனில் அவுட்புட் டைம்ஸ்டாம்ப் என்ற பண்பை வைத்தால் போதும்; கிரேடிலில் கோப்பு நேரங்களைக் காக்காதே, வரிசையை நிலையாக வை என்று இரண்டு அமைப்புகள் உண்டு.

இத்தனை சிரமம் எதற்கு? ஃபேக்டைம் போட்டு பில்ட் முழுவதற்கும் கடிகாரத்தை நிறுத்திவிட்டால் என்ன?

நல்ல யோசனைபோலத் தோன்றும். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். லிப்ஃபேக்டைம், நிரல் நேரம் கேட்கும்போது இடைமறித்துப் பொய் நேரத்தைக் கொடுக்கும். ஆனால் பில்டுக்கு நேரம் ஓடுவது தேவை. பில்டை நடத்தும் மேக் கருவி எதை மறுபடி கம்பைல் செய்வது என்று முடிவெடுப்பதே கோப்பு நேரங்களை ஒப்பிட்டுத்தான். கடிகாரத்தைப் பழைய தேதிக்கு இழுத்தால் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் 'இப்போது உருவாக்கிய கோப்பு, வெளியீட்டுக் கோப்புகளைவிடப் பழையதாக இருக்கிறது, கடிகாரத்தைச் சரிபாருங்கள்' என்று சொல்லி நின்றுவிடும். காத்திருப்பு நேரத்தை அளக்கும் சோதனைகள் கடிகாரம் நின்றால் முடிவே இல்லாமல் தொங்கும். எல்லாவற்றையும் தாண்டி ஒன்று: உங்கள் பொதியைச் சரிபார்க்க விரும்பும் ஒவ்வொருவரும் இதே பொய்யை இதே மாதிரி சொல்ல வேண்டியிருக்கும். தேதி எழுதும் வரியைத் திருத்தினால் ஒருமுறையோடு முடிந்தது. சோதிப்பதற்கு மட்டும் ஃபேக்டைம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் பொதி தேதியைச் சார்ந்ததல்ல என்று எப்படி உறுதி செய்வது?

இரண்டு முறை பில்ட் செய்து ஒப்பிடுங்கள். ஆனால் எந்த இரண்டு நாட்களில் என்பதில்தான் சூட்சுமம்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு சிறு கருவியின் பொதியை மாலையில் ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை பில்ட் செய்தேன். ஹாஷ் ஒன்றே. ஒரு வாரம் கழித்துச் செய்தேன், அப்போதும் ஒன்றே. சரியாகிவிட்டது என்று எழுதியும் வைத்துவிட்டேன். அடுத்த மாதம் நண்பர் ஒருவர் பில்ட் செய்து, பொருந்தவில்லையே என்றார். நான் நம்பவில்லை, என் கணினியிலேயே மறுபடி ஓட்டினேன், பொருந்தவில்லை. வேறுபாடுகளைக் காட்டும் டிஃபோஸ்கோப் கருவியில் இரண்டு பொதிகளையும் போட்டேன். அது பொதியைத் திறந்து, டாரைத் திறந்து, ஜிஜிப்பைத் திறந்து, கடைசியில் மேன் பக்கத்தின் முதல் வரியைக் காட்டியது. சிவப்பில் ஒரு மாதம், பச்சையில் அடுத்த மாதம். அந்த வரியில் மாதமும் ஆண்டும் மட்டுமே இருந்தன, நாள் இல்லை. நான் சோதித்ததெல்லாம் ஒரே மாதத்துக்குள். முதல் மாதக் கடைசி வரை அந்தப் பிழை மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தது.

டெபியனின் சோதனைக் கணினிகள் இரண்டாவது பில்டை 398 நாள் முன்னே தள்ளிய கடிகாரத்தில் நடத்தியது ஏன் என்று அன்று புரிந்தது. ஓராண்டும் ஒரு மாதமும் சில நாளும். ஆண்டு, மாதம், நாள் மூன்றுமே மாறிவிடும், எதுவும் ஒளிந்துகொள்ள முடியாது. ரீப்ரோடெஸ்ட் என்ற கருவி இதை உங்கள் கணினியிலேயே செய்து தரும். நேர மண்டலம், லொக்கேல், பில்ட் நடக்கும் அடைவு இவற்றையும் சேர்த்தே மாற்றிப் பார்க்கும்.

பில்ட் தோல்வியே அடைகிறது, தேதியைத் தவிர எதுவும் மாறவில்லை. இதுவும் இந்தக் கணக்கில் வருமா?

வரும், எனக்கு இதுதான் அதிகக் கவலை தருவது. ஹாஷ் வேறுபட்டால் பொதியாவது கையில் இருக்கிறது. இதில் பொதியே இல்லை. டைம் பாம் என்பார்கள். பெரும்பாலும் சோதனைத் தொகுப்பில் இருக்கும். சோதனைக்காக உருவாக்கிய சான்றிதழ் ஒன்று காலாவதியாகிவிடும். குறியாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கே இது நடந்தது. 2022 ஜூன் 1 அன்று அதன் சோதனைச் சான்றிதழ்கள் காலாவதியாக, முதல் நாள் வரை பில்ட் ஆகிக்கொண்டிருந்த அதே மூலம் சோதனையில் தோற்றது. அதற்குப் பிந்தைய வெளியீட்டில் திருத்தினார்கள். ஆனால் பழைய வெளியீட்டை அப்படியே திரும்ப பில்ட் செய்ய நினைப்பவருக்கு அந்தத் திருத்தம் உதவாது. கடிகாரத்தைப் பின்னால் தள்ளியோ சோதனையை நிறுத்தியோதான் ஆக வேண்டும்.

ஓப்பன்சூசேயைச் சேர்ந்த பெர்ன்ஹார்ட் வீடெமான், கடிகாரத்தைப் பல ஆண்டுகள் முன்னே தள்ளிவைத்துப் பொதிகளை பில்ட் செய்து, எது எப்போது வெடிக்கும் என்று தேடி, மூலத் திட்டங்களுக்குத் திருத்தம் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். 2038 ஜனவரி 19 இந்தத் தேடலில் அடிக்கடி வரும் நாள். அன்று 32 பிட் நேர எண் நிரம்பி வழியும். 'பத்தாண்டு கழித்து' என்று கணக்கிடும் சோதனைக்கு அந்த நாள் 2028லேயே வந்துவிடும்.

சோதனைச் சான்றிதழை நூறு ஆண்டு செல்லுபடியாகும்படி உருவாக்கலாம். அதைவிட நல்லது, சரிபார்க்கும் சார்புக்கு நேரத்தை அளவுருவாகக் கொடுக்க வழி வைத்து, சோதனையில் ஒரு நிலையான நாளைக் கொடுப்பது. விநியோகங்கள் ஒரு வெளியீட்டைப் பல ஆண்டு தாங்குகின்றன. ஐந்தாம் ஆண்டில் ஓர் அவசரப் பாதுகாப்புத் திருத்தம் வரும்போது, காலாவதியான சான்றிதழ் அந்தப் பில்டைத் தடுத்து நிறுத்தினால் அந்த ராத்திரி யாருக்கும் தூக்கம் இருக்காது.

கையொப்பத்தை என்ன செய்வது? அது ஒவ்வொரு முறையும் மாறுமே.

கையொப்பத்தைப் பொதிக்கு வெளியே தனிக்கோப்பாக வையுங்கள். டெபியன் அப்படித்தான், பொதிகளின் ஹாஷ் பட்டியலில் கையொப்பம் இடுகிறது. ஆண்ட்ராய்டு செயலிகளின் ஏபிகே பொதிபோலக் கையொப்பம் உள்ளேயே இருந்தாக வேண்டிய இடத்தில், கட்டற்ற செயலிகளின் களஞ்சியமான எஃப்டிராய்டு ஒரு வழி கண்டது. தாங்களே மூலத்திலிருந்து பில்ட் செய்து, நிரலாளர் வெளியிட்ட ஏபிகேயின் கையொப்பத்தை அதில் பொருத்திப் பார்க்கிறார்கள். செல்லுபடியானால் இரண்டும் ஒன்றே என்று பொருள்.

தேதியைச் சரிசெய்தால் எல்லாம் முடிந்ததா?

இல்லை. அடைவில் கோப்புகள் வரும் வரிசை, பில்ட் நடந்த அடைவின் பாதை, கணினிப் பெயர், பெர்ல் மொழியில் ஹாஷ் என்று அதே பெயர்கொண்ட தரவு அமைப்பின் உறுப்புகள் வரும் வரிசை, எத்தனை சிபியூ என்பது, இவையெல்லாம் இருக்கின்றன. ஆனால் தேதிதான் எங்கும் பரவிக் கிடப்பது. அது இருக்கும்வரை டிஃபோஸ்கோப் அறிக்கையில் மற்ற வேறுபாடுகள் அந்தக் குப்பைக்கு அடியில் மறைந்துகிடக்கும். முதலில் தேதியைத் துடைத்துவிட்டால் மிச்சம் என்ன என்று தெளிவாகத் தெரியும்.

மூலத் திட்டத்தினர் திருத்தத்தை ஏற்க மறுக்கிறார்கள். எப்படி அணுகுவது?

சிறியதாக அனுப்புங்கள். தேதி எழுதும் அந்த ஒரு வரி, மாறி இருந்தால் அதை எடு, இல்லாவிட்டால் வழக்கம்போலக் கடிகாரத்தைப் பார் என்று இரண்டு மூன்று வரியாகும், அவ்வளவே. மாறியை வைக்காதவர்களுக்கு எதுவும் மாறாது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பிஎஸ்டி வகை டேட் கட்டளையில் எபாக் எண்ணைக் கொடுக்கும் தேர்வு குனூவில் இருப்பதுபோல் இல்லை, அங்கே ஆர் தேர்வு. இரண்டிலும் ஓடும்படி எழுதாவிட்டால் ஆப்பிளின் மேக் கணினி வைத்திருக்கும் நிர்வாகி உடனே திருப்பி அனுப்பிவிடுவார், அது நியாயமும்கூட. டிஃபோஸ்கோப் வெளியீட்டில் அந்த இரண்டு வரியை மட்டும் வெட்டி ஒட்டுங்கள். முன் தேதி, பின் தேதி இரண்டையும் கண்ணால் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.

சிலருக்கு அந்தத் தேதி மேல் பற்று இருக்கும், நிரலைத் திறந்ததும் இன்று உருவானது என்று காட்டுவதில் ஒரு சந்தோஷம். அவர்களிடம் தேதியை நீக்கச் சொல்லாதீர்கள். கடைசிக் கமிட்டின் தேதியைக் காட்டலாமா என்று கேளுங்கள். நான் அனுப்பிய திருத்தங்களில் முதலில் மறுக்கப்பட்டுப் பிறகு ஏற்கப்பட்டவை எல்லாம் இப்படி மாற்றிக் கேட்ட பிறகு உள்ளே போனவைதான்.